எட்டாம் வகுப்பு எங்கே? புது ஹைஸ்கூல் பற்றி பால் சொசைட்டியில் கேட்ட கேள்விகள்

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். ஏழாம் வகுப்போடு நின்றுபோயிருந்த எங்கள் அரசு யூபி (அப்பர் பிரைமரி) பள்ளி ஹைஸ்கூல் ஆகி, இந்த ஜூனில் முதல் எட்டாம் வகுப்பைத் திறக்கிறது.

நான் அந்தப் பள்ளியின் பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கமிட்டியில் இருக்கிறேன். காலையில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். இந்த இரண்டும் ஒருவனிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? கேனை இறக்குவதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது. ஒரே பதிலை நாற்பது பேருக்குச் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். மகன் எல்லை தாண்டிப் படித்தவன். மகள் இப்போதுதான் ஏழு முடித்திருக்கிறாள். அதனால் பதில்களில் என் சொந்தக் கதையும் கலந்திருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு ஏன் இத்தனை யோசனை? அந்தப் பக்கம் என் தங்கச்சி பிள்ளைகள் ஆறிலேயே பள்ளி மாறிவிட்டார்களே?

நம் குழப்பத்துக்கு வேரே இதுதான். கேரளத்தில் 1 முதல் 4 வரை எல்பி (லோயர் பிரைமரி), 5 முதல் 7 வரை யூபி, 8 முதல் 10 வரை ஹைஸ்கூல். தமிழ்நாட்டில் ஐந்தோடு தொடக்கப் பள்ளி முடியும், ஆறில் அடுத்த பள்ளி. அதனால் அங்கே ஒரு பிள்ளை பெரிய பள்ளிக்குப் போகும் வயதில் நம் பிள்ளை இங்கேயே யூபியில் இருக்கும். நமக்கு யோசனை வருவதே ஏழு முடியும்போதுதான். அதற்குள் அந்தப் பக்கத்துக் கணக்கில் இரண்டு வருஷம் ஓடிப்போயிருக்கும்.

இரண்டு வருஷம் ஓடினால் என்ன? படிப்பு படிப்புதானே?

படிப்பில் ஒன்றும் குறையாது. கையை விட்டுப் போவது சலுகை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று அதை விரித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் 6 முதல் 12 வரை முழுக்கத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

என் மகன் இங்கே ஏழு முடித்து, 2019இல் எல்லை தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் எட்டில் சேர்ந்தான். அப்போது அந்தச் சட்டமே கிடையாது. 2024இல் பிளஸ் டூ முடித்துப் பொறியியலுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் சென்டர்காரர், "ஆறு, ஏழு எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. ஐந்து வருஷம் காலை ஆறரைக்கு வேன் ஏறிய பையனுக்கு, ஏறாத இரண்டு வருஷத்தால் ஒதுக்கீடு போனது. பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது, படிக்கிறான், கட்டணம் நான் கட்டுகிறேன். ஒதுக்கீடு வந்த பிறகு அந்தப் பள்ளியில் ஒருவராவது எங்களை அழைத்துச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் உண்டு. சொல்லியிருந்தாலும் கடந்துபோன ஆறாம் வகுப்பைத் திருப்பி வாங்க முடியாது, அதுவும் தெரியும்.

அப்படியானால் தமிழ்நாட்டுக்கு அனுப்பவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. அனுப்புவதானால் ஆறிலேயே அனுப்புங்கள் என்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை இரண்டு முறை படிக்கவும். ஏழு முடித்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. சலுகைக்காக என்று சொல்லி இப்போது எல்லை தாண்டுவதில் பொருள் இல்லை. வேறு காரணம் இருந்தால் போகலாம்: தாத்தா வீடு அங்கே, அம்மாவுக்கு வேலை பொள்ளாச்சியில், இப்படி. அதேபோல, ஆறிலிருந்தே அந்தப் பக்கம் படிக்கும் பிள்ளையை "நம்ம ஊரிலேயே ஹைஸ்கூல் வந்துடுச்சே" என்று சந்தோஷத்தில் திருப்பி அழைத்து வராதீர்கள். பிடிஏக்காரன் இப்படிப் பேசலாமா என்று ஒரு மெம்பர் கோபித்துக்கொண்டார். பள்ளிக்குப் பிள்ளைகள் எண்ணிக்கை வேண்டும்தான், அடுத்தவர் பிள்ளையின் ஒதுக்கீட்டை விலையாக வைத்து வேண்டாம்.

சாதிச் சான்றிதழ் இரண்டு பக்கமும் செல்லுமா?

செல்லாது. இதைக் கேட்டதும் பலர் முகம் மாறுகிறது. எஸ்சி, எஸ்டி பட்டியல் மாநிலவாரியாக உள்ளது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்தில் அந்த மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாதியின் பெயர் இரண்டு பட்டியலிலும் ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் நிலை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் இங்கே வேறு, அங்கே வேறு. சித்தூர் தாசில்தாரிடம் வாங்கிய காகிதத்தோடு தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் உட்கார்ந்தால், பெரும்பாலும் பொதுப் பட்டியலில்தான் வைப்பார்கள்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. குடும்பம் 1950க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்று ஆகிவிட்டால் கேரளத்தில் எஸ்சி சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். மூணாறு எஸ்டேட் குடும்பங்கள் இதில் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. நம் பக்கம் பரம்பரையாக இருப்பவர்கள் பழைய நிலப் பத்திரம், தாத்தாவின் பள்ளிப் பதிவு எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். எட்டாம் வகுப்பைத் தீர்மானிக்கும் முன் வீட்டில் பேச வேண்டிய முதல் விஷயம் இது என்பேன். பதினேழு வயதில் நம் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளையாகப் போய் நிற்கப்போகிறது? அது தெரிந்தால் பாதிக் கேள்வி உதிர்ந்துவிடும்.

புதுப் பள்ளியில் தமிழ் வழி இருக்கிறதா? இருக்கிறது என்று போர்டில் மட்டும் இருக்குமா?

நல்ல கேள்வி. சொசைட்டியில் இதைக் கேட்டவர் ஒரு பாட்டி, பேரனுக்காக.

கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் நான்கிலும் அச்சாகின்றன. எஸ்எஸ்எல்சி வினாத்தாளும் தமிழில் வரும். முதல் மொழியின் இரண்டு தாளையும் தமிழிலேயே எழுத வழி உண்டு. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் ஆசிரியரில்தான். ஹைஸ்கூலில் கணக்குக்கு ஒருவர், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒருவர், உயிரியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆசிரியர். தமிழ் வழி டிவிஷனில் (வகுப்புப் பிரிவில்) இவர்கள் எல்லோரும் தமிழில் பாடம் நடத்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். தமிழ் மொழி ஆசிரியர் ஒருவர் இருப்பதை வைத்துத் தமிழ் வழி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

காசர்கோட்டில் கன்னட வழிப் பள்ளிகளில் கன்னடம் தெரியாத ஆசிரியர்களைப் போட்டார்கள் என்று பெற்றோரும் பிள்ளைகளும் போராட்டத்தில் இறங்கியது ஞாபகம் இருக்கலாம். நம் பக்கமும் அது நடக்காது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். இன்னொன்று, பள்ளியைத் தரம் உயர்த்தும் உத்தரவும் பணியிடங்களுக்கான உத்தரவும் ஒரே நாளில் வருவதில்லை. இடையில் தினக்கூலி ஆசிரியர்களை வைத்து ஓட்டுவார்கள். அவர்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு யூபியில் கணக்கின் மேல் பயம் போனதே ஒரு தினக்கூலி டீச்சரால்தான். ஆனால் அந்த டீச்சர் பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வாணையம்) வழியாக வேலை கிடைத்து நடுவருஷத்தில் போய்விட்டார். பிள்ளைகள் அழுதன, நாங்கள் கேக் வெட்டி அனுப்பினோம்.

ஆகவே எச்எம்மிடம் போய் "தமிழ் மீடியம் உண்டா" என்று கேட்காதீர்கள், உண்டு என்பார். இப்படிக் கேளுங்கள்: "எட்டாம் வகுப்பு தமிழ் டிவிஷனுக்குக் கணக்கும் ஃபிசிக்ஸும் எடுக்கப்போவது யார்? அவர் தமிழில் எடுப்பாரா? நிரந்தரமா, தினக்கூலியா?" பதில் பேராக வந்தால் நல்லது. "டிஇஓ ஆபீஸ்ல பேசியிருக்கோம்" என்று வந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் போங்கள். ஹைஸ்கூல் ஆனதும் பள்ளி உதவிக் கல்வி அதிகாரியான ஏஇஓவிடமிருந்து மாவட்டக் கல்வி அதிகாரியான டிஇஓவின் கீழ் போகிறது. மனு கொடுப்பதானால் அங்கே கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு வைக்க இடம் தருகிறது. எங்கள் பிடிஏ கொடுத்த முதல் மனுவும் தமிழில்தான். வாங்கிய கிளார்க் கொஞ்சம் முழித்தார், வாங்கிக்கொண்டார்.

பாடநூலில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ப் புத்தகங்களில் அங்கங்கே மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். சில கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. பிள்ளைக்கு இரண்டு சொல்லையும் சொல்லி வைத்தால் பின்னால் தடுமாறாது.

ஆங்கில வழி டிவிஷனில் போட்டால் என்ன?

போடலாம். ஆங்கில வழியில் படித்துக்கொண்டே முதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். பிளஸ் ஒன்னில் எப்படியும் பாடம் ஆங்கிலத்தில்தான் என்பதால் பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் ஏழு வரை தமிழில் படித்த பிள்ளையை எட்டில் திடீரென்று மாற்றினால் முதல் ஓணப் பரீட்சையில் அடி விழும். அதைத் தாங்கும் பிள்ளையா, சுருண்டுவிடும் பிள்ளையா என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அக்கம்பக்கத்துப் பிள்ளை போகிறது என்பதற்காகப் போகாதீர்கள். இன்னொரு விஷயம்: ஆங்கில வழி டிவிஷனில் விளக்கமெல்லாம் மலையாளத்தில்தான் நடக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு அது இரண்டு தாவல். மலையாளம் சரளமாகப் பேசும் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. எல்லையோரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பேசும். மலையோரக் காலனிப் பிள்ளைகள் சிலர் பேச மாட்டார்கள்.

தமிழ், மலையாளம், ஆங்கிலம், ஹிந்தி. இத்தனை மொழி தலையில் ஏறுமா?

ஏறியிருக்கிறது. கேரளத்தில் ஹிந்தி ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் என்று 2017இல் சட்டமே வந்தது. நம் பிள்ளைகள் ஏழுக்குள் இந்த நான்கையும் தொட்டுவிடுகிறார்கள். கஷ்டப்படுவது, தமிழ்நாட்டில் ஏழு வரை படித்து எட்டில் இங்கே வரும் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஹிந்தி எழுத்தே புதிது. கோடை விடுமுறையில் யாராவது எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் ஜூனில் அழ மாட்டார்கள்.

மலையாளத்தை எதிரியாகப் பார்க்கும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, உடன்பாடில்லை. கேரள பிஎஸ்சி தேர்வைத் தமிழில் எழுதி வேலைக்குப் போனாலும், அதன்பின் மலையாளத் தேர்வு எழுத வேண்டிவரும். ஃபைல் முழுக்க மலையாளம்.

முதல் பேட்ச் என்றால் எங்கள் பிள்ளைகள் சோதனை எலிகளா?

கொஞ்சம் அப்படித்தான், மறைக்க மாட்டேன். லேப் முழுசாக இல்லை. நூலகம் என்பது இரண்டு பீரோ. பெண் பிள்ளைகளுக்கான கழிவறை கட்டி முடிந்துவிட்டது, தண்ணீர் வருகிறது, நானே போய்த் திறந்து பார்த்தேன். விளையாட்டு மைதானம் பழையது, பெரியது. கம்ப்யூட்டரில் குறை இருக்காது என்று நம்புகிறேன், ஏனென்றால் இங்கே ஐடி தனிப் பாடமாகவே எஸ்எஸ்எல்சி வரை வருகிறது, செய்முறைத் தேர்வோடு.

இதன் மறுபக்கமும் உண்டு. முதல் பேட்சுக்கு மேலே சீனியர் கிடையாது. எட்டில் இருக்கும்போதே அவர்கள்தான் பள்ளியிலேயே பெரியவர்கள், மூன்று வருஷமும் அப்படியே. கலோற்சவத்துக்கு (பள்ளிக் கலை விழா) பெயர் கொடுக்க ஆள் தேடுவார்கள். பெரிய பள்ளியில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடிய பிள்ளை இங்கே மேடை ஏறும். கலோற்சவத்தில் தமிழ்ப் பேச்சுக்கும் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலுக்கும் இடம் இருக்கிறது என்பது நம் ஆட்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

புதுப் பள்ளிக்கு ரிசல்ட்டே இல்லையே, எதை வைத்து நம்புவது?

ரிசல்ட்டை வைத்து எந்தப் பள்ளியையுமே நம்ப வேண்டாம். 2025 எஸ்எஸ்எல்சியில் கேரளத்தின் தேர்ச்சி 99.5 சதவீதம். அதே வருஷம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் 93.8. கேரளப் பிள்ளைகள் அந்த அளவுக்குக் கெட்டிக்காரர்கள் என்றா அர்த்தம்? இங்கே எழுத்துத் தேர்வோடு உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் சேரும், கிரேடு முறை வேறு. எல்லாப் பள்ளியும் நூறு சதவீதம் என்று ஃப்ளெக்ஸ் வைக்கும் மாநிலத்தில் அந்த ஃப்ளெக்ஸ் ஒன்றும் சொல்லாது. எத்தனை பேருக்கு எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், அதில் தமிழ் வழிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பழைய பள்ளிகளிலும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சட்டென்று வராது.

இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 சதவீதம் எடுக்க வேண்டும் என்ற விதியை 2024-25இல் எட்டாம் வகுப்பில் கொண்டுவந்தார்கள். எட்டில் சும்மா இருந்துவிட்டுப் பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற காலம் போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய எய்டட் பள்ளிக்கு அனுப்பினால்?

நல்ல தேர்வுதான். எய்டட் பள்ளி என்றால் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் அரசு. படிப்புக்குக் கட்டணம் இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பல வருஷம் ஒரே இடத்தில் இருப்பார்கள், தினக்கூலித் தொல்லை குறைவு. தமிழ் டிவிஷன் நிலைத்து நடக்கும் பள்ளியானால், புதுப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் விஷயம் தெளிவாகாதவரை, நான் அதைத்தான் முதலில் வைப்பேன். பஸ்தான் தலைவலி. கேரளத்தில் ஹைஸ்கூல் நேரத்தை 2025 ஜூனில் அரை மணி நீட்டி, காலை 9.45 முதல் மாலை 4.15 வரை ஆக்கினார்கள். நாலேகாலுக்கு மணி அடித்து, கன்செஷன் பிள்ளைகளை ஏற்ற மனசில்லாத பிரைவேட் பஸ்ஸுக்குக் காத்து நின்று, வீடு சேர ஐந்தரை ஆகும். நம் பள்ளிப் பிள்ளை நாலரைக்கு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

சிபிஎஸ்இ?

பணம் இருந்தால், பிள்ளைக்குத் தமிழ் பெரிதாக வேண்டாம் என்றால், போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு அரசு, எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்து தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். புதுப் பள்ளியில் இந்தத் தேர்வுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைக்க வேண்டும் என்று நான் கமிட்டியில் கத்திக்கொண்டிருக்கிறேன். மலம்புழையில் உள்ள நவோதயா (மத்திய அரசின் உறைவிடப் பள்ளி) பற்றியும் இரண்டு பேர் கேட்டார்கள். அங்கே முக்கியமான சேர்க்கை ஆறாம் வகுப்பில், ஒன்பதில் காலியிடம் இருந்தால் தேர்வு எழுதிச் சேரலாம். தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் இந்தப் பக்கம் இருப்பது லாபம்.

மதியச் சோறு உண்டா?

எட்டு வரை உண்டு. ஒன்பதிலிருந்து இங்கே கிடையாது. தமிழ்நாட்டில் பத்து வரை உண்டு. சின்ன விஷயமாகத் தெரியும். காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பக்கத்துப் பள்ளி என்றால் பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து தின்றுவிட்டுப் போகலாம்.

பத்து முடித்தபிறகு என்ன? இங்கே பிளஸ் டூ இல்லையே?

இல்லை, இப்போதைக்கு வரும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. பிளஸ் ஒன் சேர்க்கை ஏகஜாலகம் என்ற ஒற்றைச் சாளர முறை வழி, ஆன்லைனில். பாலக்காடு உள்பட வடக்கு மாவட்டங்களில் சீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் தள்ளுமுள்ளுதான். சொந்தப் பஞ்சாயத்து, சொந்தத் தாலுகா, படித்த அதே பள்ளி இவற்றுக்குப் போனஸ் புள்ளி உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கடைசிப் புள்ளி கிடைக்காது, பிளஸ் டூ இல்லாத பள்ளியின் உண்மையான நஷ்டம் அதுதான். தமிழை இரண்டாம் மொழியாகத் தரும் ஹையர் செகண்டரி எது என்று பத்திலேயே பார்த்துவைக்க வேண்டும். கல்லூரிக்குக் கவலை குறைவு. சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே தமிழ்த் துறை இருக்கிறது.

பத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் சேர்வதும் ஒரு வழி. கேரளத்தில் வருவது கிரேடு, அங்கே எதிர்பார்ப்பது மதிப்பெண். கேரளத் தேர்வுத் துறையான பரீக்ஷா பவனில் தனியாக மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஆகும்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இருந்தால் விடுமுறையாவது இரட்டிப்பாகக் கிடைக்குமா?

பிள்ளைகள் கேட்கும் கேள்வி. கிட்டத்தட்ட கிடைக்கும். பொங்கலுக்குப் பாலக்காடு உள்பட எல்லையோர ஆறு மாவட்டங்களுக்குக் கேரளம் விடுமுறை விடுகிறது. ஓணத்துக்குப் பத்து நாள். மழைக்காலத்தில் கலெக்டர் மாவட்டம் முழுக்க லீவு விடுவார், மண்ணார்க்காட்டில் கொட்டும், இங்கே மழை நிழலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்.

எல்லை தாண்டிப் படிப்பதில் ஆபத்து ஏதாவது?

சாதாரண நாளில் ஒன்றுமில்லை. 2020ஐ மறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லாச் செக்போஸ்ட்டும் அடைத்தார்கள். கேரளம் மிச்ச எஸ்எஸ்எல்சி தேர்வுகளை மே கடைசியில் நடத்தி முடித்தது. தமிழ்நாடு தள்ளித் தள்ளிப் பார்த்து ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்து, காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணை வைத்துத் தேர்ச்சி போட்டது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கொரு மாநிலம். ஒன்று மாஸ்க் போட்டுப் பரீட்சை எழுதப் போனது, இன்னொன்று பாஸா இல்லையா என்று ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா பட்ட பாடு இருக்கிறதே.

டிசி தர இழுத்தடிப்பார்களா?

எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்டால் தலைமையாசிரியர் உடனே டிசி தர வேண்டும், டிசி தாமதமானதைக் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கேரளத்துக்குள்ளேயே மாறினால் சம்பூர்ணா என்ற ஆன்லைன் பள்ளிப் பதிவிலேயே வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு அந்த மாநிலத்தின் எமிஸ் என்ற மாணவர் பதிவிலிருந்து பெயரை விடுவிக்க வேண்டும், அதை அந்தப் பள்ளியில் ஞாபகப்படுத்துங்கள். யாராவது சேர்க்கைக்குப் பணம் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள். பிடிஏ நிதி விருப்பத்தின் பேரில்தான், கமிட்டியில் நான் இருக்கும்வரை கட்டாயம் ஆகாது.

அண்ணே, உங்கள் மகளை எங்கே சேர்க்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இங்கேதான். தமிழ் வழி. கணக்கு டீச்சர் பெயர் தெரிந்தபிறகு கையெழுத்துப் போட்டேன், ஃபிசிக்ஸுக்கு இன்னும் பெயர் வரவில்லை. அம்மாவும் மகளும் எய்டட் பள்ளி விண்ணப்பத்தையும் வாங்கி வைத்திருந்தார்கள், அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

யோசித்துவிட்டு ஜூலையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அதனால் பள்ளிக்கு அடி விழும். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று தீர்மானம் ஆகிறது. தமிழ் டிவிஷன் நிற்குமா, நிற்காதா என்பதும் அன்றைக்குத்தான். ஆதார் எண் சரியாகப் பதிவாகாத பிள்ளை கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் வராமல் போகக்கூடும். பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதி மாற்றம் இருந்தால் மே மாதமே அக்ஷயா இ-சேவை மையத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். இனிஷியல் தமிழ்நாட்டு முறையில் முன்னாலும் கேரள முறையில் பின்னாலும் என்று இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக இருந்தால் அதையும் ஒன்றாக்குங்கள். சந்தேகம் இருப்பவர்கள் ஆதாரை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கே வரலாம், ஏழு மணிக்குமேல் வாருங்கள், அதற்குமுன் பால் வண்டி நிற்கும்.